கோழியைக் கொன்றது எந்த நாய்?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு. 14 நாட்டுக்கோழிகள் வைத்திருந்தோம். மணி என்று ஒரு நாட்டுநாய் இருக்கிறது, 3 வயது. வேற்றாள் யாரையும் படியேற விடாது. பிள்ளைகள் பக்கத்தில் நின்று யாரும் சத்தமாகப் பேசக்கூட முடியாது. போன மாதம் ஒரு நாள் விடிந்து பார்த்தால் கூட்டுக்குள் 2 கோழிகள் தலையில்லாமல் கிடந்தன. கதவு தாழிட்டது தாழிட்டபடியே இருந்தது. அந்த ராத்திரி மணி விடாமல் குரைத்தது. நாங்கள்தான் அதட்டிப் படுக்க வைத்தோம். அடுத்த வாரம் பட்டப்பகலில், வேலி தாண்டிப் பறந்த ஒரு கோழியை மணியே கவ்விக்கொண்டு வந்து முற்றத்தில் போட்டது. "ரத்தம் ருசி கண்ட நாய் இனி திருந்தாது, எங்காவது கொண்டுபோய் விட்டுவிடு" என்கிறார் மாமியார். கணவர் எந்நேரமும் கட்டிப்போடச் சொல்கிறார். பொள்ளாச்சியில் இருக்கும் என் தம்பி, சிப்பிப்பாறைக் குட்டி தருகிறேன், அது கோழிக்குக் காவல் இருக்கும் என்கிறான். இதற்கு நடுவில் ஒரு கோழி அடையில் இருக்கிறது, பொரிக்க இன்னும் 10 நாள். என்ன செய்வது?

பதில்: மணி மேல் இருக்கும் 3 கொலை வழக்கில் 2-ஐ முதலில் தள்ளுபடி செய்துவிடுவோம். தாழிட்ட கூட்டுக்குள் நாய் நுழைந்து கொன்றுவிட்டு, வெளியே வந்து மறுபடி தாழிடாது. தலையை மட்டும் எடுத்துக்கொண்டு உடம்பை அப்படியே விட்டுப் போவதும் நாயின் வேலை இல்லை.

உங்கள் கூடு மூங்கில் தப்பையா, கம்பி வலையா என்று எழுதவில்லை. எதுவானாலும் ஒரு சின்னக் கை நுழையும் சந்து இருந்திருக்கும். கோழி கூட்டின் ஓரத்தை ஒட்டி உட்கார்ந்து தூங்கியிருக்கும். வெளியே இருந்து கையை விட்டுத் தலையைப் பிடித்து இழுத்தால் கழுத்து வரும், உடம்பு சந்தில் வராது. வந்த வரைக்கும் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. காட்டுப்பூனையும் இப்படிச் செய்யும். ஆனால் உங்கள் ஊர்ப்பக்கம் நான் முதலில் சந்தேகப்படுவது மரநாயைத்தான். மலையாளத்தில் மரப்பட்டி. இரண்டு மொழியும் சேர்ந்து அதற்கு நாய் என்று பெயர் வைத்திருந்தாலும் அது நாய்க்குடும்பமே இல்லை, புனுகுப்பூனையின் உறவு. சித்தூர்ப் பக்கம் கள் இறக்கும் தோப்புகள் அதிகம். பானையில் வாய் வைக்கும் இந்தப் பிராணியை மரமேறுகிறவர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். பகலெல்லாம் தென்னங்கொண்டையிலோ ஓட்டுக்கூரைக்குள்ளோ தூங்கும், இருட்டிய பிறகு இறங்கும். பழம்தான் பிரதான சாப்பாடு. எட்டும் தூரத்தில் கோழி இருந்தால் விடாது.

சந்தேகம் தீர ஒரு எளிய வழி உண்டு. ராத்திரி கூட்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குச் சலித்த சாம்பலைத் தூவிவையுங்கள். காலையில் கால்தடம் சொல்லிவிடும். மதில் மேலோ கூரையிலோ பழக்கொட்டைகள் கலந்த எச்சம் கிடந்தால் ஆள் மரநாய்தான்.

எல்லாரும் உடனே கீரியைச் சொல்வார்கள். கீரி பகலில் இரை தேடுவது. மத்தியானம் புதரோரம் குஞ்சு காணாமல் போனாலோ, முட்டை ஓடு உடைந்து கிடந்தாலோ அதைச் சந்தேகப்படலாம். ஓடுகூட இல்லாமல் முட்டை மாயமானால் பாம்பு. குஞ்சு சத்தமே இல்லாமல் மேலே போய்விட்டால் வல்லூறு, இல்லையென்றால் காக்கை. நாய் கொன்றதைக் கண்டுபிடிப்பது எல்லாவற்றையும்விடச் சுலபம்: முதுகும் தொடையும் எச்சிலில் நனைந்திருக்கும், இறகு முற்றம் முழுக்கப் பறந்து கிடக்கும், கறியை அநேகமாகத் தின்றிருக்காது.

அப்படிப் பார்த்தால் மூன்றாவது கோழி மணியின் கணக்கில்தான் வருகிறது. மறுக்க முடியாது. ஆனால் அது ஏன் நடந்தது என்பதில் உங்கள் மாமியாரோடு எனக்கு உடன்பாடில்லை.

நாய்க்குள் காவல் வேறு, வேட்டை வேறு. காவல் என்பது தன் ஆட்களையும் தன் எல்லையையும் விட்டுக்கொடுக்காத குணம். பிள்ளைகள் பக்கத்தில் வேற்றாள் நின்றால் மணிக்குப் பொறுக்காமல் போவது அதனால். வேட்டை என்பது ஓடுவதைத் துரத்துவது. கண் பார்க்கும், கால் ஓடும், வாய் கவ்வும். ஒன்று தொடங்கினால் அடுத்தது தானாக வரும். முற்றத்தில் கொத்திக்கொண்டு நிற்கும் கோழி மணியின் கண்ணுக்குப் பூந்தொட்டி மாதிரி. அதே கோழி சிறகடித்துக் கூவிக்கொண்டு ஓடினால் பந்து. வீட்டுக்கு விசுவாசமான நாய் கோழிக்கும் விசுவாசமாக இருக்கும் என்று நாம்தான் சேர்த்துக்கொள்கிறோம். அதோடு ஒப்பந்தம் எதுவும் போடவில்லை.

ஆகவே ரத்த ருசி ஒரு காரணமே இல்லை. மணி அந்தக் கோழியைத் தின்னவில்லை, கொண்டுவந்து போட்டது. அதற்கு ருசித்தது துரத்தல். அந்தச் சுகம் இன்னும் நாலு முறை கிடைத்தால் பழக்கமாகிவிடும் என்பது உண்மை. அதனால் இப்போதே தடுக்க வேண்டும்.

அடிக்காதீர்கள். செத்த கோழியால் அடிப்பது, அதைக் கழுத்தில் கட்டித் தொங்கவிடுவது இதெல்லாம் வேண்டவே வேண்டாம். செய்த வேலைக்கும் அரைமணி கழித்து விழும் அடிக்கும் நாயால் முடிச்சுப் போட முடியாது. அது காதை மடித்துப் பம்முவது உங்கள் முகத்தைப் பார்த்துத்தான். நீங்கள் இல்லாதபோது செய்ய வேண்டும் என்ற பாடம் மட்டும் அதற்கு நன்றாகப் பதியும். என் வீட்டில் ஒரு காலத்தில் இருந்த நாய் அப்படித்தான் எங்கள் அடுக்களைச் சன்னலைக் கவனித்துக்கொண்டே வேலையை முடிக்கும். அதைக் கெடுத்தது நான்தான்.

எந்நேரமும் கட்டிப்போடுவதும் சரிவராது. சங்கிலியின் எல்லைக்கு ஒரு அடி தள்ளி நாளெல்லாம் கோழி நடமாடினால், கட்டியிருக்கும் நாய்க்கு வெறி கூடத்தான் செய்யும். அவிழ்த்த முதல் நாளே வட்டியோடு தீர்த்துக்கொள்ளும். கோழி மேயும் நேரத்தில் கோழி கண்ணில் படாத இடத்தில், நிழலும் தண்ணீரும் வைத்துக் கட்டுங்கள். கோழி அடைந்த பிறகு வேலிக்குள் அவிழ்த்துவிடுங்கள். நம் கிராமங்களில் பழைய வழக்கமே இதுதான், அதை மாற்றக் காரணம் எதுவும் இல்லை.

பழக்குவதற்கு உங்களுக்கு வேண்டியது 15 அடி நைலான் கயிறு, அவித்த ஈரல் துண்டுகள், தினம் இரண்டு வேளை பத்துப் பத்து நிமிடம். நாயை முதலில் நன்றாக நடக்க வைத்துக் களைக்க விடுங்கள். பிறகு கோழிகளிடமிருந்து 30, 40 அடி தள்ளி நில்லுங்கள். மணி கோழியைப் பார்க்கும். முறைத்துப் பார்த்து உடம்பு விறைத்தால் இன்னும் தள்ளிப் போங்கள். சாதாரணமாகப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பிய அந்த நொடியில் ஈரலைக் கொடுங்கள். "விடு" என்ற சொல்லை அந்த நேரத்தில் பழக்குங்கள். வீட்டில் பாதிப் பேர் "விடு" என்றும் பாதிப் பேர் மலையாளத்திலும் சொன்னால் அது குழம்பும். ஒரே சொல் போதும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை நாலைந்து அடி நெருங்குங்கள். கடைசிப் பரீட்சை, கோழி சிறகடித்து ஓடும்போது மணி உட்கார்ந்திருக்கிறதா என்பது. தீனி போட்டு ஒருவர் கோழிகளை ஓடவைக்க, இன்னொருவர் கயிற்றைப் பிடித்துக்கொள்ளலாம். சில நாய்க்கு மூன்று வாரம், சிலதுக்கு மூன்று மாதம். சில நாய் கடைசிவரை தேறாது, அதையும் சொல்லிவிடுகிறேன். தேறினாலும் ஆள் இல்லாத வீட்டில் இரண்டையும் ஒன்றாக விட்டுவிட்டுச் சந்தைக்குப் போகாதீர்கள்.

பறக்கிற கோழிகளுக்கு ஒரு பக்கத்து இறக்கையில் மட்டும் நீள இறகுகளைக் கத்தரித்துவிட்டால் வேலி தாண்டாது. முளைத்து வரும் புது இறகில் ரத்தம் ஓடும், அதை வெட்டக் கூடாது. வலிக்காது என்று முழுதாக வளர்ந்த இறகுக்கு மட்டும்தான் சொல்ல முடியும்.

இனி கூடு. கோழியின் உயிர் நாயிடம் இல்லை, கூட்டில்தான் இருக்கிறது. கடையில் கோழி வலை என்று கேட்டால் தரும் மெல்லிய அறுகோண வலை கோழி வெளியே போகாமல் இருக்க உதவும், அவ்வளவுதான். நாய் பல்லால் கிழித்துவிடும், மரநாய் கையை நுழைத்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ், அதாவது பற்றவைத்த கெட்டிக் கம்பி வலை வாங்கி, இருக்கும் கூட்டின் மேலேயே அடியுங்கள். அடியில் ஒன்றரை அடி வலையை வெளிப்பக்கமாகத் தரையில் பரப்பிக் கல் வைத்துவிட்டால் தோண்டி நுழைய முடியாது. உள்ளே அடையும் கட்டையைச் சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி நடுவில் கட்டுங்கள். இது ஒன்று இருந்திருந்தாலே அந்த 2 கோழிகள் தப்பியிருக்கும். கூட்டுக்கு மேலே தென்னை மட்டை தொங்கினால் வெட்டிவிடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். கூரைத் தகரத்தைக் கம்பியால் கட்டாமல் கல் மட்டும் வைத்திருந்தால் ஒரு ராத்திரியில் திறந்துகொள்ளும்.

மரநாய்க்கு விஷம் வைக்க யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட பிராணி, கீரியும் அப்படியே. சட்டத்தை விடுங்கள், அந்த விஷ முட்டையை முதலில் எடுப்பது மணியாக இருக்கும்.

மணி குரைத்த ராத்திரியை நினைத்துப் பாருங்கள். அது தன் வேலையைச் செய்தது, நீங்கள் வாயை மூடு என்றீர்கள். இனிமேல் விடாமல் குரைத்தால் டார்ச் எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். பாம்பு இருக்கலாம், செருப்பில்லாமல் போகாதீர்கள். ராத்திரி அது படுக்கும் இடத்தை வாசலிலிருந்து பின்பக்கம், கூட்டுக்கும் தோப்புக்கும் நடுவில் மாற்றினாலே பாதித் தொல்லை குறையும். மரநாய்க்கு நாயின் வாசமும் சத்தமும் பிடிக்காது.

நோய் விஷயம் சுருக்கமாக. செத்த கோழியை மணிக்குப் போடாதீர்கள், வாய்க்காலிலும் எறியாதீர்கள். சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள். வெள்ளைக்கழிச்சல் நோயில் செத்ததை நாய் இழுத்துக்கொண்டு போனால் அடுத்த வீட்டுக் கோழிக்கும் நோய் போகும். ஆலப்புழை, கோட்டயம் பக்கம் பறவைக்காய்ச்சல் வந்து வாளையார், வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் வண்டிகளுக்கு மருந்து தெளிக்கிற நாட்களில் இன்னும் கவனம் வேண்டும். அந்தக் கிருமி நாய், பூனைக்கும் தொற்றக்கூடியது. கோழியின் கொண்டையிலும் நாயின் காதோரத்திலும் ஒரே மாதிரி கறுப்புப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அது அழுக்கில்லை, தோலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் ஒட்டுத்தெள்ளு. இரண்டுக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் பார்க்க வேண்டும். நாய்க்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் கோழிக்கு நீங்களாக அடிக்காமல் மிருக ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கேயே மணிக்கு வருடாந்திர வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டுவிட்டு, அந்தச் சான்றோடு பஞ்சாயத்தில் லைசென்ஸ் எடுங்கள். ஆளைப் பார்த்தால் பாயும் நாய் வைத்திருப்பவர்களிடம் அந்தக் காகிதம் இருப்பது நல்லது.

எங்காவது கொண்டுபோய் விடுவது பற்றி: வேறு ஊரில் விட்ட நாய் அங்கே பசியோடு திரியும், கூட்டம் சேரும். கோழி பிடிக்கும் தெருநாய்களில் பல அப்படி வந்தவைதான்.

தம்பியிடம் சிப்பிப்பாறைக் குட்டி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அருமையான நாய், எனக்கும் பிடிக்கும். ஆனால் ஓடும் முயலைக் கண்ணால் பார்த்துத் துரத்திப் பிடிக்கவே தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனம் அது. கோழி முற்றத்தில் அதை விடுவது, தண்ணீர் பக்கத்தில் வாத்தை விட்டுவிட்டு நீந்தாதே என்பது மாதிரி. தவிர இரண்டு நாய் சேர்ந்தால் ஒன்று தனியாகச் செய்யாததை இரண்டும் சேர்ந்து செய்யும். பின்னால் எப்போதாவது குட்டி எடுப்பதானால் நாட்டுக்குட்டியாக, 7, 8 வாரத்தில் எடுத்து, முதல் நாளிலிருந்தே கோழி வாசத்தில் வளருங்கள். அப்படி வளர்ந்ததுகூட ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை விளையாட்டாக ஒன்றிரண்டைக் கொன்றுவிடலாம். அந்த ஒரு வருடம் கயிற்றை விடக் கூடாது.

அடைக்கோழியை இன்றைக்கே தனிக்கூட்டுக்கு, மெஷ் அடித்த பெட்டிக்கு மாற்றுங்கள். இருட்டிய பிறகு கூடையோடு தூக்கி மாற்றினால் பெரும்பாலும் அடை கலையாது. குஞ்சு பொரித்து முதல் மூன்று வாரம் மணி அந்தப் பக்கமே வரக் கூடாது. குஞ்சின் கீச்சுச் சத்தமும் ஓட்டமும் அதற்குத் தாங்காது. அப்புறம் ஒரு நாள் கயிற்றோடு கூட்டிக்கொண்டு போய் வலைக்கு வெளியே நிறுத்துங்கள். தாய்க்கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு வலைமேல் பாய்ந்து வரும், பெரும்பாலான நாய் ஒரு அடி பின்வாங்கும். பின்வாங்கினால் ஈரல் கொடுங்கள். முன்னே பாய்ந்தால், கயிறு உங்கள் கையில் இருக்கிறது, வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டு அடுத்த வாரம் மறுபடி பாருங்கள்.