இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் வாக்கியம் முடிந்தால் புள்ளியே வைப்பதில்லை. எப்படிப் பழக்குவது?

நோட்டைத் தூக்கிக்கொண்டு பையன் பின்னாலேயே போய், "புள்ளி எங்கடா?" என்று கத்திக்கொண்டிருப்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். இத்தனைக்கும் அச்சகத்தில் 31 வருஷம் ப்ரூஃப் பார்த்தவன். விடுபட்ட புள்ளியைத் தேடிப் பிடித்தே சோறு தின்றவன். என் பேத்தி நோட்டிலேயே டீச்சர் சிவப்பு மையில் சுழித்து அனுப்பினால் எப்படி இருக்கும்?

அவள் எழுதியிருந்தது இது: "மணி வாலை ஆட்டும் அப்பா பிஸ்கட் போடுவார்". மணி எங்கள் வீட்டு நாய்.

"புள்ளி எங்கே கண்ணு?"

"வச்சிருக்கேனே தாத்தா" என்று 'ம்' தலையில் இருந்ததைத் தொட்டுக் காட்டினாள். 'ர்' தலையிலும் ஒன்று இருந்தது. என்ன பதில் சொல்வது? புள்ளி என்றால் மெய்யெழுத்தின் தலையில் வைப்பது என்றுதானே அதுவரை சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அது எழுத்துக்கு, இது வாக்கியத்துக்கு. அது தலைக்கு மேல், இது காலடியில் என்று பிரித்துச் சொன்னேன். மறுநாள் பார்த்தால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் புள்ளி. வாக்கியம் பாதியில் நின்றாலும் சரி, கோடு தீர்ந்தால் புள்ளி.

அப்புறம் விளக்கம் சொல்வதை விட்டுவிட்டு, அவள் எழுதியதை மூச்சு விடாமல் அப்படியே வாசித்தேன். "வாலை ஆட்டும் அப்பா பிஸ்கட் போடுவார்." அவ்வளவுதான், விழுந்து விழுந்து சிரித்தாள். 'ஆட்டும்' பக்கத்தில் தானே ஒரு புள்ளி வைத்து வாலை நாய்க்கே திருப்பிக் கொடுத்தாள். 'குரைக்கும்', 'தின்னும்' எல்லாம் இப்படி வாக்கியத்தை முடிக்கிற வினைமுற்றாகவும், அடுத்து வரும் பெயரோடு ஒட்டிக்கொள்கிற பெயரெச்சமாகவும் இரண்டு வேலை பார்க்கிற சொற்கள். அவற்றில் முடிகிற வாக்கியங்களாகக் கொடுத்துப் பாருங்கள். இலக்கணப் பெயரெல்லாம் பையனுக்கு இப்போது வேண்டாம். வினாக்குறிக்கும் அவசரமில்லை, 'வந்தாயா' என்றாலே கேள்வி என்று தெரிந்துவிடுகிறது.

ஓலைச்சுவடியில் முற்றுப்புள்ளியா இருந்தது என்று யாராவது கிளம்பி வருவீர்கள். இல்லைதான். ஓலை கிழிந்துவிடும் என்று மெய்யெழுத்துக்கே புள்ளி வைக்காமல் எழுதியிருக்கிறார்கள். முற்றுப்புள்ளி ஐரோப்பியர் வழியாக அச்சோடு வந்த பழக்கம். அதற்காகப் பரீட்சைத்தாளில் அரை மார்க்கை விடச் சொல்கிறீர்களா? நான் தமிழாசிரியரும் இல்லை, என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

புள்ளி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை இனிஷியலுக்குப் புள்ளி விட்டுப்போயிற்று. பெண் வீட்டார் ப்ரூஃபைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆனாலும் 300 கார்டுக்கான காசை முதலாளி என் சம்பளத்தில்தான் பிடித்தார். 22 வருஷம் ஆகிறது, இன்னும் ஆறவில்லை.

பேத்தி இப்போது ஒரு புள்ளியைக்கூடத் தவற விடுவதில்லை. ஆனால் பென்சிலை அழுத்துகிற அழுத்தில் தாள் ஓட்டையாகி அடுத்த பக்கத்திலும் புள்ளி விழுகிறது.