கட்-ஆஃப், பட்டன் ரெய்ஸுக்குப் பிறகு ஃப்ளாப்: கேள்வி பதில்

நோ-லிமிட் ஹோல்டம் போக்கர் (கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவான சீட்டுகள்), ஆளுக்கு 100 பிக் பிளைண்ட் (சீட்டு பார்க்கும் முன் ஒருவர் கட்டாயமாகப் போடும் தொகை). ரெய்ஸ் செய்தது, அதாவது தொகையை உயர்த்தியது, நீங்கள்; ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) விழுந்துவிட்டது. இன்று இதை மட்டும் பேசுவோம்.

கேள்வி: அண்ணா, பட்டனில் (ஃப்ளாப்பிலிருந்து கடைசியாகப் பேசும் இடம்) ஏஸ்-குயின். 2.5 பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்தேன், பிக் பிளைண்ட் போட்டவர் மட்டும் கால் (அதே தொகை போட்டுத் தொடர்ந்தார்). ஃப்ளாப் கிங்-7-2, மூன்றும் வேறு வேறு சூட். எனக்கு ஒன்றும் விழவில்லை. பெட் செய்யலாமா?

தாராளமாகச் செய்யுங்கள் தம்பி. பாட்டில் (நடுவில் சேர்ந்திருக்கும் பணம்) மூன்றில் ஒரு பங்கு போதும். ஜோடியில்லாத இரண்டு சீட்டுக்கு ஃப்ளாப்பில் ஜோடியாவது விழுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு முறைதான். இந்தக் கணக்கு எதிராளிக்கும் பொருந்தும். ஏஸ்-ஏஸ், கிங்-கிங், ஏஸ்-கிங் அவரிடம் இருந்திருந்தால் முன்பே மறு ரெய்ஸ் வந்திருக்கும். உங்களிடமோ அவை இன்னும் இருக்கலாம். ஆகவே இந்த ஃப்ளாப் உங்கள் பக்கம். பாட் 5.5 (இருவரின் 2.5, விலகிய ஸ்மால் பிளைண்டின் அரை), உங்கள் பெட் சுமார் 1.8. நான்கில் ஒரு முறை அவர் ஃபோல்டு செய்தாலே (சீட்டை விட்டாலே) போட்டது திரும்பிவிடும். ஜாக்-9, 10-8 மாதிரி சீட்டோடு கால் செய்தவர் இங்கே அதைவிட அதிகமாகவே விடுவார்.

கேள்வி: அதே நிலை. கையில் ஏஸ்-கிங், ஃப்ளாப் 9-8-7, இரண்டு கிளாவர். என்னிடம் கிளாவர் இல்லை.

செக் (பணம் போடாமல் முறையைக் கடத்துவது). ஜாக்-10, 6-5, 9-8, 8-7 எல்லாம் பிக் பிளைண்ட் கால் செய்யும் சீட்டுகள்; இந்த ஃப்ளாப்பில் அவை ஐந்து வரிசையோ இரண்டு ஜோடியோ ஆகிவிடும். இங்கே பெட் போட்டால் செக்-ரெய்ஸ் (முதலில் செக் செய்தவர் உங்கள் பெட்டை உயர்த்துவது) வரும், நீங்கள் விட வேண்டியதுதான். குயின்-குயின் போன்ற ஜோடி இருந்தால் பெட் செய்யலாம். அப்போது பாட்டில் மூன்றில் இரண்டு பங்கு போடுங்கள்.

கேள்வி: ரெய்ஸ் செய்தவர் செக் செய்தால் பலவீனம் வெளியே தெரிந்துவிடாதா சார்? நான் எப்போதும் பெட்தான்.

பலவீனமான கையை மட்டும் செக் செய்தால் தெரியத்தான் செய்யும். நல்ல கை சிலவற்றையும் செக்கில் கலந்து வையுங்கள். முக்கியமாக, கட்-ஆஃபில் (பட்டனுக்கு முந்தைய இடம்) நீங்கள் ரெய்ஸ் செய்து பட்டன் கால் செய்தால், ஃப்ளாப், டர்ன், ரிவர் (நான்காம், ஐந்தாம் பொதுச் சீட்டு) மூன்றிலும் அவர் உங்களுக்குப் பிறகு பேசுவார். அங்கே எப்போதும் பெட் என்பது பெரிய ஓட்டை.

கேள்வி: (அவரே) என் மேசையில் எல்லோரும் பயந்து விடுகிறார்கள். லாபம்தான் வருகிறது.

அப்படியானால் உங்கள் மேசையில் நீங்கள் செய்வது சரி. மூன்றில் ஒரு பங்கு பெட்டுக்கு நான்கில் ஒரு முறைக்கு மேல் ஃபோல்டு வந்தால் அந்தப் பெட் தனியாகவே லாபம். ஆனால் முழு பாட் போட்டால் பாதி முறை விட்டாக வேண்டும். எந்த அளவு போடுகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவேயில்லை. எதையும் விடாத ஒருவர் வந்து உட்கார்ந்தால் அன்றே பிளஃபை (வெறும் கையோடு போடும் பெட்) நிறுத்திவிட்டு, நல்ல கைக்குப் பெரிதாகப் போடுங்கள்.

கேள்வி: (வேறொருவர்) மூன்று பேர் கால் செய்திருந்தாலும் எப்போதும் பெட் என்று அவர் சொல்வது சரியா?

இல்லை. எத்தனை முறை சொன்னாலும் இதைச் சொல்வேன்: ஃப்ளாப்பைப் பார்க்கும் முன் ஆளை எண்ணுங்கள். ஒவ்வொருவரும் 60 சதவீதம் விடுவார்கள் என்று வைத்தாலும், இருவரும் சேர்ந்து விடுவது 36, மூவரும் விடுவது 22 சதவீதத்துக்கும் கீழே.

கேள்வி: ஏஸ்-கிங் வைத்து ஃப்ளாப் தவறினால் என்ன செய்வது?

எந்த ஃப்ளாப், எத்தனை பேர், யார் கடைசியாகப் பேசுகிறார்? முதல் இரண்டு பதில்களைப் படியுங்கள்.

கேள்வி: கிங்-கிங் வைத்திருக்கும்போதெல்லாம் ஏஸ் வந்து விழுகிறது.

ஃப்ளாப்பில் அது நடப்பது சுமார் 23 சதவீதம்தான். விழுந்தால் சிறிய பெட் அல்லது செக், பாட்டைப் பெருக்காதீர்கள்.

கேள்வி: போட்டியில் 15 பிளைண்ட் மிச்சம் இருந்தால்?

அது வேறு கணக்கு. தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: ஏஸ்-குயின் வைத்து ஃப்ளாப் தவறினால்?

முதல் பதில். ஆளை எண்ணிவிட்டுப் படியுங்கள்.