சிங்கப்பூர் 1965: பிரிந்த வருடம் பற்றி நீங்கள் கேட்டவை

எங்கள் வாசகர் வட்டத்தில் மாதம் ஒரு வருடத்தை எடுத்துக்கொண்டு பேசுவோம். இந்த மாதம் 1965, ஊர் சிங்கப்பூர். பதில் சொல்லும் வேலை என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. நான் பிறந்தது சிங்கப்பூரின் செம்பவாங்கில். அப்பா அங்கே பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் ஸ்டோர் கிளார்க். 1965-ல் எனக்குப் பத்து வயது. பிற்பாடு மதுரைக்கு வந்து, முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தினேன். சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மேலூரிலிருந்து: சார், வெள்ளைக்காரன் சிங்கப்பூருக்குச் சுதந்திரம் கொடுத்தது 1965 ஆகஸ்ட் 9 அன்றுதானே?

தேதி சரி தம்பி, கொடுத்தது வெள்ளைக்காரன் இல்லை. 1963 செப்டம்பர் 16 அன்றே சிங்கப்பூர் மலேசியாவோடு சேர்ந்துவிட்டது. பிரிட்டிஷ் ஆட்சி அத்தோடு முடிந்தது. 1965-ல் நடந்தது மலேசியாவிலிருந்து பிரிந்தது. கேட்டு வாங்கிய விடுதலை என்று அதைச் சொல்ல முடியாது. ஒட்டி வாழ வேண்டும் என்று நினைத்த தம்பிக்குப் பாகம் பிரித்துக் கொடுத்து, இனி தனியாக உலை வை என்று சொன்ன மாதிரி.

வாடிப்பட்டியிலிருந்து: இரண்டே வருடத்தில் பிரியும் அளவுக்கு என்ன சண்டை ஐயா?

சிங்கப்பூரில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் சீனர்கள். மலாய்க்காரர்களுக்குத் தனி உரிமைகள் உண்டு என்பது கோலாலம்பூர் அரசின் நிலை. எல்லா இனமும் சமம், மலேசியா மலேசியர் எல்லோருக்கும் என்றது சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூவின் மக்கள் செயல் கட்சி. இது மேடைப் பேச்சோடு நிற்கவில்லை. 1964 ஜூலையிலும் செப்டம்பரிலும் இனக் கலவரம் வெடித்து 36 பேர் செத்தார்கள். ஜூலைக் கலவரம் நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தில் தொடங்கியது. ஊரடங்கு நாட்களில் அப்பா எங்களை வாசல்படி தாண்ட விடவில்லை. எங்கள் லயனில் மலாய், சீனக் குடும்பங்களும் இருந்தன. அதுவரை சட்டி மாற்றிச் சோறு சாப்பிட்டவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

1965 மே மாதம் லீ மற்றக் கட்சிகளையும் சேர்த்து 'மலேசியர் மலேசியா' என்று ஓர் அணி அமைத்தார். மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமானுக்கு அது பெரிய சவாலாகப் பட்டது. ஜூனில் லண்டனுக்குப் போனவர் அக்கி வந்து மருத்துவமனையில் படுத்தார். சிங்கப்பூரை வெட்டிவிடுவதுதான் வழி என்று முடிவு செய்தது அந்தப் படுக்கையில்தான். சிங்கப்பூர் பக்கம் கோ கெங் சுவீ, மலேசியா பக்கம் துன் ரசாக், இருவரும் ரகசியமாகப் பேசி முடித்தார்கள். ஆகஸ்ட் 7 அன்று ஒப்பந்தத்தில் கையெழுத்தானது.

கையெழுத்துப் போடத் தயங்கி நின்றவர்களில் ஒருவர் லீயின் அமைச்சர் ராஜரத்தினம். யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் பிறந்து, சிரம்பானில் வளர்ந்த தமிழர். அவர் குடும்பமே அக்கரையில் மலாயாவில் இருந்தது. எங்கள் லயனில் இருந்தவர்கள் பாதிப் பேருக்கும் அதே கதைதான். அண்ணன் ஜோகூரில், தங்கை ஈப்போவில் என்று இருந்த குடும்பங்கள், நடுவில் ஒரு நாட்டு எல்லை வந்து விழும் என்று எதிர்பார்க்கவில்லை.

பெத்தானியாபுரத்திலிருந்து ஓர் அம்மா: லீ குவான் யூ டிவியில் அழுதாராமே, நிஜமா?

நிஜம் அம்மா. நான் பார்த்தேன். ஆகஸ்ட் 9 திங்கட்கிழமை. காலை பத்து மணிக்கு ரேடியோவில் பாட்டை நிறுத்திவிட்டு அறிவிப்பு வாசித்தார்கள். கோலாலம்பூர் நாடாளுமன்றத்தில் பிரிவினை மசோதாவுக்கு 126 பேர் ஆதரவு, எதிர்த்து ஒரு ஓட்டு கிடையாது.

அப்போது வீட்டுக்கு வீடு டிவி ஏது? சமூக மன்றத்தில் ஒன்று இருக்கும், எல்லோரும் தரையில் உட்கார்ந்து பார்ப்போம். பத்திரிகையாளர்களிடம் பேச வந்தவர், வாழ்நாள் முழுக்க இந்த இரண்டு நிலமும் ஒன்று என்று நம்பியவன் நான் என்று சொல்லும்போது குரல் உடைந்து போனது. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். படப்பிடிப்பைக் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். பெரிய மனிதர் ஒருவர் எல்லோர் முன்னும் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதே நாளில் சைனாடவுனில் வியாபாரிகள் பட்டாசு கொளுத்தினார்கள். அவர்களுக்கு அது நிம்மதி. அப்பா இரண்டுக்கும் சேரவில்லை. இரவுச் சாப்பாட்டில், "இனி ஜோகூர் போக பாஸ்போர்ட் கேப்பானா?" என்று மட்டும் அம்மாவிடம் கேட்டார்.

கே.கே. நகரிலிருந்து: வெறும் மீனவக் கிராமமாக இருந்ததை லீ மாற்றினார் என்கிறார்களே?

இந்தப் பேச்சைத் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். 1965-ல் அங்கே கிட்டத்தட்ட 19 லட்சம் பேர். துறைமுகம் ஆசியாவின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. தலைக்கு வருட வருமானம் சுமார் 500 அமெரிக்க டாலர், ஆசியாவில் அப்போதே மேல்வரிசை. காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் உட்கார்ந்து வட்டிக்கடை நடத்தியதும், அவர்கள் கட்டிய டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் 1859-லேயே வந்ததும் மீனவக் கிராமத்திலா? மூட்டை தூக்கிய, ரோடு போட்ட, மரவள்ளிக் கிழங்கு தின்று ஜப்பான்காரன் காலத்தைக் கடந்த நம் ஆட்களின் உழைப்பை அந்த ஒரு வார்த்தை அழித்துவிடுகிறது.

லீயும் அவர் கூட்டாளிகளும் செய்தது பெரிய காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பின்பலம் இல்லாமல் நின்ற ஒரு நகரத்தை நாடாக நிறுத்தினார்கள். பரப்பளவு வெறும் 580 சதுர கிலோமீட்டர் சொச்சம். இன்றைய மதுரை மாவட்டத்துக்குள் அப்படி ஆறு வைக்கலாம்.

சோழவந்தானிலிருந்து ஒரு விவசாயி: ஆறு கிடையாது, ஏரி கிடையாது. தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?

நல்ல கேள்வி. இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். நம் பெரியாறு அணை எங்கே இருக்கிறது? கேரளத்து மலையில். 1886-ல் திருவிதாங்கூரோடு போட்ட 999 வருடக் குத்தகைதான் உங்கள் வயலுக்கு வரும் தண்ணீரின் பத்திரம். மேலே இருப்பவன் முகம் சுளித்தால் கீழே இருப்பவன் வயிறு கலங்கும்.

சிங்கப்பூருக்கு அக்கரையில் இருக்கும் மலேசிய மாநிலம் ஜோகூர்தான் அந்த மலை. 1961, 1962 என இரண்டு தண்ணீர் ஒப்பந்தங்கள், இரண்டாவது 2061 வரை. பிரிவினை ஒப்பந்தத்திலேயே இந்த இரண்டுக்கும் மலேசியா உத்தரவாதம் தர வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள். அதை எழுதாமல் விட்டிருந்தால் அந்த நாடு பிழைத்திருக்காது என்பது என் எண்ணம். பயம் வீண் பயமும் இல்லை. சிங்கப்பூர் நமக்கு ஆகாத வெளியுறவுக் கொள்கை வைத்தால் தண்ணீரை நிறுத்துவோம் என்று மிரட்டலாம் என துங்கு பிரிட்டிஷ் தூதரிடமே சொல்லியிருக்கிறார். சொந்தமாக இருந்தவை மூன்றே மூன்று நீர்த்தேக்கங்கள். 1963-ல் மழை பொய்த்து ரேஷனில் தண்ணீர் விட்டார்கள். அம்மா குளித்த தண்ணீரைப் பிடித்து வைத்துத் துணி அலசுவார். மதுரைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

அனுப்பானடியிலிருந்து: அந்த வருடம் குண்டு வெடித்ததாகப் படித்தேன், யார் வைத்தது?

மார்ச் 10, ஆர்ச்சர்ட் ரோட்டில் மெக்டொனால்டு ஹவுஸ் கட்டிடம். மலேசியா உருவானதை எதிர்த்த இந்தோனேசியா அனுப்பிய கடற்படை வீரர்கள் இருவர் வைத்தது. 3 பேர் இறந்தார்கள், 33 பேருக்குக் காயம். அந்த இருவரையும் 1968-ல் தூக்கிலிட்டார்கள்.

திருமங்கலத்திலிருந்து ஓய்வுபெற்ற ராணுவ வீரர்: தம்பி, 65-ல் நாங்கள் பாகிஸ்தானோடு சண்டையில் இருந்தோம். அவர்களுக்கு ராணுவம் என்று ஒன்று இருந்ததா?

இரண்டு காலாட்படைப் பிரிவுகள் இருந்தன அண்ணே, அவ்வளவுதான். லீ முதலில் கடிதம் எழுதியதே நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரிக்குத்தான், ராணுவத்துக்குப் பயிற்சி தர உதவுங்கள் என்று. எகிப்தின் நாசரிடமும் கேட்டார். சாஸ்திரி மனமார வாழ்த்தி பதில் எழுதினார், பயிற்சி பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லையில் நீங்களெல்லாம் சண்டையில் நின்றபோது அவரால் வேறென்ன செய்திருக்க முடியும்? அப்புறம் இஸ்ரேல்காரர்கள் வந்தார்கள். சுற்றிலும் முஸ்லிம் நாடுகள் என்பதால் அவர்களை 'மெக்சிகோக்காரர்கள்' என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

என்னிடம் படித்த மாணவர், புதூர்: சார், தமிழ் அங்கே ஆட்சிமொழி ஆனது எப்படி?

நான் இன்று பேச ஒத்துக்கொண்டதே இந்த ஒன்றுக்காகத்தான். 1965 ஜனவரி 25 அன்று இந்த மதுரையில் என்ன நடந்தது? மறுநாள் முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்பதை எதிர்த்து மாணவர்கள் ஊர்வலம் போனார்கள், மோதல் வெடித்தது. இங்கிருந்து மாநிலம் முழுக்கப் பரவி, துப்பாக்கிச் சூடு வரை போனது.

அதே வருடம் டிசம்பர் 22. சிங்கப்பூர் நாடாளுமன்றம் குடியரசின் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியது. அதில் ஒரு பிரிவு: மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் நான்கும் ஆட்சிமொழிகள், மலாய் தேசிய மொழி. அப்போது அங்கே இந்தியர்களே நூற்றுக்கு ஏறக்குறைய எட்டுப் பேர்தான். அதில் மலையாளி, பஞ்சாபி எல்லாம் போகத் தமிழர் எத்தனை இருப்பார்கள், பாருங்கள்.

சும்மா வரவில்லை. சீன மொழிக்கு உரிய இடம் வேண்டும் என்று சீன வணிகர் சபை கேட்டுக்கொண்டே இருந்தது. பெரும்பான்மை அவர்கள். அவர்கள் பக்கம் சாய்வது சுலபம், ஓட்டும் கிடைக்கும். அக்டோபர் 1 அன்று லீ நான்கு மொழியும் ஆட்சிமொழி, நான்கும் சமம் என்று வெளிப்படையாக அறிவித்தார். பெரும்பான்மையின் மொழிக்குச் சின்னவனாக இருப்பது எப்படி இருக்கும் என்று மலேசியாவில் இரண்டு வருடம் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் அவர்கள். அதற்கும் முன்னால், 1956-லேயே அனைத்துக் கட்சிக் குழு ஒன்று நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்தச் சொல்லியிருந்தது. 'தமிழ் முரசு' நடத்திய கோ. சாரங்கபாணி போன்றவர்கள் வருடக் கணக்காக உழைத்து வைத்த அடித்தளமும் இருந்தது. இங்கே ரத்தம் சிந்திக் கேட்டதை அங்கே சட்டத்தில் ஒரு வரியாகப் படித்தபோது அப்பா அந்தப் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

தல்லாகுளத்திலிருந்து: ஐ.நா.வில் எப்போது சேர்ந்தார்கள்?

செப்டம்பர் 21, 117-ஆவது உறுப்பு நாடாக. முன்மொழிந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. வெளியுறவு அமைச்சராக அங்கே போய் நின்றவர் அதே வட்டுக்கோட்டை ராஜரத்தினம்.

சிம்மக்கல்லிலிருந்து: இவ்வளவு பிடித்த ஊரை விட்டு உங்கள் குடும்பம் ஏன் வந்தது சார்?

கடற்படைத் தளத்தை மூடிவிட்டுப் போகிறோம் என்று பிரிட்டன் 1968-ல் அறிவித்தது. 1971-ல் எல்லாம் முடிந்தது. அந்த நாட்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களால் வந்தது என்றால் எத்தனை வீட்டு அடுப்பு அணைந்திருக்கும் என்று யோசியுங்கள். குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருக்கலாம். ஆனால் மேலூர்ப் பக்கம் தாத்தா தனியாக இருந்தார், அப்பா ஒரே பிள்ளை. ரஜூலா கப்பலில் ஏறினோம். மெட்ராஸ் வரும் வரை அப்பா அதிகம் பேசவில்லை.

அவருடைய தகரப் பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு வெள்ளி நோட்டு (டாலரை அங்கே வெள்ளி என்போம்), பாய்மரப் படகு போட்டது. 1967 வரை புழங்கிய நோட்டு. அதில் மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ என்று இருக்கும், சிங்கப்பூர் என்ற பெயர் இருக்காது. பார்க்க விரும்புகிறவர்கள் அடுத்த ஞாயிறு கேளுங்கள், கொண்டு வருகிறேன்.