செயலி 40 நிமிடம் என்றது, இரண்டரை மணி நேரம் ஆனது ஏன்?

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து மலேசியாவில், ஈப்போவிலுள்ள அம்மா வீட்டுக்கு உட்லண்ட்ஸ் வழியாகக் காரில் கிளம்பினோம். இரு நாடுகளையும் இணைக்கும் கடற்பாலத்தைத் தாண்ட 40 நிமிடம் என்று கைப்பேசிச் செயலி காட்டியது. இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. இதை எப்படித்தான் அளக்கிறார்கள்? தீபாவளிக்கு மறுபடி போகவேண்டும், எதைப் பார்த்துக் கிளம்புவது?

பதில்: செயலி பொய் சொல்லியிருக்காது. உங்களுக்கு முன்னால் போனவர்களின் நிலவரத்தைத்தான் அது உங்களிடம் சொன்னது.

அமெரிக்க–கனடா எல்லையிலுள்ள பீஸ் பாலத்தில் சாலையோரம் புளூடூத் வாங்கிகள் வைத்திருக்கிறார்கள். காரிலுள்ள கைப்பேசி, ஹெட்செட் போன்றவற்றின் அடையாள எண்ணை வரிசையின் வால் பக்கம் ஒரு வாங்கி குறித்துக்கொள்ளும். சாவடியைத் தாண்டியதும் இன்னொன்று அதே எண்ணைப் பிடிக்கும். இடைப்பட்ட நேரம்தான் காத்திருப்பு. மெக்சிகோ எல்லையில், எல் பாசோவில், லாரிகளில் ஒட்டிய ஆர்எஃப்ஐடி வில்லைகளை (ரேடியோ அலை மூலம் அடையாளம் காட்டுபவை) படித்து இதே கணக்கைப் போட்டார்கள்.

கோளாறு எங்கே என்றால், கார் தாண்டி முடித்தால்தான் கணக்கு முடியும். இப்போது திரையில் தெரியும் 40 நிமிடம், 40 நிமிடத்துக்கு முன் வரிசையில் சேர்ந்தவருடையது. வெள்ளி மாலை, வரிசை நீண்டுகொண்டே போகும்போது, அந்த எண் எப்போதும் குறைத்தே சொல்லும். கூட்டம் வடியும்போது கூட்டிச் சொல்லும்.

நீங்கள் பார்த்ததைப் போன்ற செயலிகள் பெரும்பாலும் கைப்பேசிகளின் ஜிபிஎஸ் வேகத்தை வைத்துக் கணக்கிடுகின்றன. அதில் இந்தத் தாமதம் குறைவு. ஆனால் கடற்பாலத்தில் வேறொரு வம்பு உண்டு: மோட்டார்சைக்கிள்கள். கார்கள் நகராமல் நிற்க, அவை பக்கத்துத் தடத்தில் விர்ரென்று போகும். இரண்டையும் பிரிக்காமல் சராசரி எடுத்தால் கார்காரருக்குக் கிடைப்பது பாதிப் பொய்தான். ஒரு பேருந்தில் நாற்பது கைப்பேசி இருந்தால் நாற்பது சாட்சி! தீர்வையில்லாக் கடையில் அரைமணி நேரம் மிட்டாய் தேடியவரும் கணக்கில் வந்துவிடுவார். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் சராசரியை விட்டுவிட்டு நடு மதிப்பை, அதாவது எல்லா நேரங்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை, எடுப்பார்கள்.

எங்கே தொடங்கி எங்கே முடித்து அளக்கிறார்கள் என்பதும் முக்கியம். பாலம் ஏறக்குறைய 1 கிலோமீட்டர்தான், ஆனால் இரு முனையிலும் குடிநுழைவுச் சோதனை. வரிசை சிங்கப்பூர்ப் பக்கம் புக்கிட் தீமா விரைவுச்சாலை வரை நீண்டு, முதல் அளவிடும் இடத்தையே தாண்டிவிட்டால், அதற்கு வெளியே நீங்கள் நின்ற நேரம் யார் கணக்கிலும் வராது.

சரி, தீபாவளிக்கு என்ன செய்யலாம்? எண்ணை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். இருபது நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று முறை பாருங்கள். 40, 50, 65 என்று ஏறிக்கொண்டே போனால், கடைசி எண்ணையும் நம்பாமல் நான் அதை இரட்டிப்பாக்கிக்கொள்வேன். அப்புறம் சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் உட்லண்ட்ஸ், துவாஸ் கேமராப் படங்கள் இருக்கின்றன. வரிசையின் வால் எங்கே என்று கண்ணால் பார்ப்பதற்கு ஈடு கிடையாது. 2024 மார்ச்சில் வந்த கியூஆர் குறியீடு சிங்கப்பூர்ப் பக்கத்துக் கடப்பிதழ் வேலையைச் சுருக்கும். ஜோகூர்ப் பக்கம் தேங்கி நின்றால் அதனால் பயனில்லை.

நீங்கள் போவது ஈப்போவுக்கு. ஜோகூர் பாரு நகருக்குள் நுழையவேண்டிய அவசியமே இல்லை. மலேசியாவுக்குப் போகும் இன்னொரு பாலமான துவாஸ் இரண்டாம் இணைப்பில் போனாலும் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையைப் பிடித்துவிடலாம். இரண்டு சாவடிகளின் எண்களையும் ஒரே நேரத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். எதில் போனாலும், சிங்கப்பூர்ப் பதிவுக் கார் என்றால் விதிப்படி டாங்கியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்கட்டும். இல்லையென்றால் வரிசையில் நின்றதெல்லாம் வீணாகித் திரும்ப நேரிடும்.