அடுக்கியதும் சிறுகோள் காணாமல் போவது ஏன்?

கேள்வி: 8 அங்குல நியூட்டோனியன் தொலைநோக்கி (குவியத் தூரம் 1000 மி.மீ.), 3.76 மைக்ரான் பிக்சல் கொண்ட சீமாஸ் கேமரா வைத்திருக்கிறேன். பூமியை நெருங்கி வந்த 17 மேக்னிடியூட் (ஒளிர்வு அளவு; எண் கூடக் கூட மங்கல்) சிறுகோளை 30 வினாடி எக்ஸ்போஷரில் 60 படம் எடுத்து டீப்ஸ்கைஸ்டேக்கர் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கினேன். அதன் வேகம் நிமிடத்துக்கு 40 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு). நட்சத்திரங்கள் பளிச்சென்று வந்திருக்கின்றன. சிறுகோளை மட்டும் காணோம். எங்கே தவறு?

பதில்: அதைத் துடைத்துப் போட்டது பெரும்பாலும் மென்பொருள்தான். நட்சத்திரங்களை வைத்துப் பொருத்தினால் சிறுகோள் படத்துக்குப் படம் வேறு இடத்தில் விழும். ஒரு பிக்சலை எடுத்துக்கொண்டால் 60 படங்களில் ஒன்றிரண்டில்தான் வெளிச்சம், மற்றவற்றில் வெறும் வானம். பெரும்பாலான படங்களோடு ஒத்துப்போகாத மதிப்பை ஒதுக்கும் கப்பா-சிக்மா, மீடியன் முறைகள் அதைச் செயற்கைக்கோள் கோடு என்று கழித்துவிடும். சாதாரண சராசரி போட்டிருந்தாலும் அறுபதில் ஒரு பங்காக நீர்த்திருக்கும்.

அடுக்கும் முறையை மட்டும் மாற்றினால் போதாது, எக்ஸ்போஷரே நீளம். பிக்சல் அளவை 206-ஆல் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுத்தால், உங்கள் கருவியில் ஒரு பிக்சலுக்கு 0.78 ஆர்க்செகண்ட். 30 வினாடியில் சிறுகோள் 20 ஆர்க்செகண்ட் நகர்கிறது, அதாவது 26 பிக்சல் நீளக் கோடு. நட்சத்திரத்தின் அகலமோ நாலு பிக்சல்தான். அந்த அகலத்தைத் தாண்டிய பிறகு ஷட்டரைத் திறந்தே வைத்திருந்தால் வானத்தின் ஒளிதான் சேரும்.

கணக்கு எளிது: நட்சத்திர அகலத்தை (3 ஆர்க்செகண்ட் என்று கொள்வோம்) வேகத்தால் வகுத்து 60-ஆல் பெருக்குங்கள். 4.5 வினாடி வரும். 4 வினாடி வைத்து 300 படம் எடுங்கள். ரீட் நாய்ஸ் (படத்தைப் படிக்கும்போது சென்சார் சேர்க்கும் இரைச்சல்) குறைவாக இருக்கும் கெய்ன் (சிக்னல் பெருக்க) அளவைத் தேர்ந்தெடுத்து 2×2 பின்னிங் (நாலு பிக்சலை ஒன்றாகச் சேர்ப்பது) போடலாம். ஒற்றைப் படத்தில் எதுவும் தெரியாவிட்டால் கலங்க வேண்டாம். 100 படம் சரியாக அடுக்கினால் சிக்னல்-நாய்ஸ் விகிதம் பத்து மடங்கு, அதாவது 2.5 மேக்னிடியூட் ஆழம் கூடும்.

எங்கே குறி வைப்பது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். மைனர் பிளானட் சென்டர் தளத்திலோ ஜேபிஎல் ஹொரைசான்ஸ் தளத்திலோ எஃபெமெரிஸ் (எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்ற பட்டியல்) எடுக்கும்போது உங்கள் ஊரின் அட்ச, தீர்க்க ரேகையைக் கொடுங்கள். பூமியின் மையத்துக்கான கணக்கை எடுத்தால், நிலவின் தூரத்தில் வரும் சிறுகோள் ஏறக்குறைய ஒரு டிகிரி வரை தள்ளி இருக்கலாம். உங்கள் கேமராவின் பார்வைப் பரப்பே அதைவிடச் சிறியதாக இருக்கலாம். நேரம் யுடி-யில் (உலகப் பொது நேரம்) இருக்கும். இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே. வேகத்தையும், நகரும் திசையைச் சொல்லும் பொசிஷன் ஆங்கிளையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கோணம் வடக்கிலிருந்து கிழக்காக அளக்கப்படுவது.

படங்களை ஃபிட்ஸ் (வானியல் படக் கோப்பு) வடிவிலேயே வைத்திருங்கள். இடையில் டிஃப் ஆக மாற்றினால் நேர முத்திரை தொலையலாம். அது இல்லாமல் எந்த மென்பொருளாலும் நகர்வைக் கணக்கிட முடியாது. கணினிக் கடிகாரம் எல்லாப் படத்திலும் ஒரே அளவு பிசகியிருந்தால் அடுக்குவதற்குப் பாதகமில்லை. இருப்பிடத்தை அளக்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு: இந்த வேகத்தில் ஒரு வினாடிப் பிசகு 0.67 ஆர்க்செகண்ட் பிழை. என்டிபி (இணையவழி நேர ஒத்திசைவு) வழியாக நேரத்தைச் சரிசெய்த பிறகே தொடங்குங்கள்.

சிறுகோள் ஒற்றைப் படத்திலேயே தெரிந்தால் டீப்ஸ்கைஸ்டேக்கரின் வால்நட்சத்திர முறையே போதும். முதல், கடைசி, ரெஃபரன்ஸ் படங்களில் அதைக் குறித்துக் கொடுங்கள், இடையிலுள்ளதை நேரத்தை வைத்து அதுவே கணக்கிடும். சிரிலிலும் இப்படி ஒரு வசதி உண்டு. தெரியாவிட்டால் அஸ்ட்ரோமெட்ரிகாவின் 'டிராக் அண்ட் ஸ்டாக்' அல்லது டைக்கோ டிராக்கர்: எஃபெமெரிஸின் வேகத்தையும் கோணத்தையும் கொடுத்தால் புள்ளி எழுந்து வரும், நட்சத்திரங்கள் கோடாகும்.

மிக அருகில் வரும் சிறுகோளின் வேகமும் திசையும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு மணி நேரப் படங்களை ஒரே வேகத்தில் அடுக்கினால் புள்ளி இழுபடும். 10 நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அந்த நேரத்து வேகத்தைக் கொடுங்கள்.

ஹாட் பிக்சல்தான் (வெளிச்சம் விழாமலே ஒளிரும் பிக்சல்) பெரிய ஏமாற்றுக்காரன். அதே எக்ஸ்போஷர், கெய்ன், வெப்பநிலையில் டார்க் படங்கள் (மூடி போட்டு எடுப்பவை) எடுத்துக் கழியுங்கள்; மவுண்டைச் சில படங்களுக்கு ஒருமுறை சில பிக்சல் நகர்த்துங்கள். பிறகும் சந்தேகம் இருந்தால் 300 படங்களை 150, 150 எனப் பிரித்துத் தனித்தனியாக அடுக்குங்கள். கணக்கிட்ட இடத்தில் இரண்டிலும் புள்ளி நின்றால் அது சிறுகோள். ஒன்றில் மட்டும் வந்தால் நாய்ஸ்.