எனக்கு நானே கிச்சுகிச்சு மூட்டினால் ஏன் சிரிப்பு வரவில்லை?

கேள்வி: அக்கா, என் அண்ணன் என்னைப் பிடித்து இடுப்பில் கிச்சுகிச்சு மூட்டுவான். "வேணாம், விடு"ன்னு கத்துவேன், ஆனால் சிரிப்பும் வந்துவிடும். "சிரிக்கிறல்ல, அப்புறம் என்ன?" என்கிறான். நானே மூட்டிக்கொண்டால் மட்டும் ஒன்றுமே வருவதில்லை. ஏன்?
நான்காம் ஆண்டு மாணவி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: நல்ல கேள்வி கண்ணு. உன் விரல் எப்போது, எங்கே படப் போகிறது என்பது உன் மூளைக்கு முன்னாலேயே தெரியும், ஏனென்றால் கையை அசைக்கச் சொன்னதே அதுதான். பின்மண்டையில் இருக்கிற சிறுமூளை 'இது நம்ம கைதான்' என்று கணக்குப் போட்டு, அந்தத் தொடு உணர்வைக் குறைக்க உதவுகிறது. 1998-இல் லண்டனில் மூளை ஆய்வாளர் சாரா ஜெய்ன் பிளேக்மோரும் அவருடன் இருந்தவர்களும் மூளையை ஸ்கேன் எடுத்து இதைக் காட்டினார்கள். அப்புறம் அவர்கள் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: ஒரு கையால் கருவியை அசைத்தால், ஒரு ரோபோ இன்னொரு உள்ளங்கையை மெத்தென்ற பஞ்சால் வருடும். உடனே வருடினால் கூச்சம் குறைவு, ஆனால் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதித்து வருடினால், அசைத்தது நீயே என்றாலும் கூச்சம் கூடிவிடும்!

என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு வந்து, லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்து என் உள்ளங்கையில் பருப்புக் கடைவார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, 'நண்டு ஊருது, நரி ஊருது' என்று மெல்ல மெல்ல மேலே ஏறி வருவார். அக்குளுக்குத்தான் வரப்போகிறார் என்று தெரியும், எந்த நொடியில் என்று மட்டும் தெரியாது, அதனால் தொடுவதற்கு முன்னாலேயே சிரித்து உருளுவேன்.

எறும்பு ஊர்கிற குறுகுறுப்பு வேறு வகை. அதற்குச் சிரிப்பு வராது, சொறியத்தான் தோன்றும். கோழி இறகால் உன் பாதத்தை நீயே வருடிப் பார், அது கொஞ்சம் வரும்.

சரி, உன் அண்ணன் விஷயத்துக்கு வருவோம். 2016-இல் பெர்லினில் எலிகளுக்குக் கிச்சுகிச்சு மூட்டினார்கள். நம் காதுக்கு எட்டாத, நொடிக்குச் சுமார் 50,000 அதிர்வுள்ள குரலில் அவை கீச்சிட்டன, மூட்டிய கையையே துரத்திக்கொண்டும் வந்தன. அதே எலிகளை உயரமான மேடையில் ஏற்றி, பளிச்சென்று வெளிச்சம் போட்டதும் பயத்தில் அந்தக் குரல் அடங்கிவிட்டது. நமக்கு அப்படி இல்லை, பிடிக்காதபோதும் சிரிப்பு தானாக வந்துவிடும். அதனால் நீ சிரிப்பதை வைத்து உனக்குப் பிடித்திருக்கிறது என்று அவன் சொல்ல முடியாது. நீ "விடு" என்றால் அவன் விடத்தான் வேண்டும், இதை அவனிடம் வாசித்துக் காட்டு.

அதுவரைக்கும் ஒரு வழி இருக்கிறது. கூச்சப்படுகிறவர்களின் வயிற்றை அமுக்கிப் பார்க்கும்போது சில டாக்டர்கள் நோயாளியின் கையையும் சேர்த்து வைத்துக்கொள்வார்கள். அண்ணன் கை வந்ததும் அதன்மேல் உன் கையை வைத்துக்கொண்டு கூடவே அசைத்துப் பார், கூச்சம் குறையும்.