ப்ரொஃபைல் போட்டும் நிறம் சரியில்லையா? வைட் ஃபார்மட் பிரிண்டர் கேள்வி-பதில்

கேள்வி: வினைல் (பிரிண்ட் அடிக்கும் பிளாஸ்டிக் ஷீட்) தயாரிப்பாளரே ஐசிசி ப்ரொஃபைல் (பிரிண்டர் நிறங்களை எப்படி அடிக்கிறது என்று சொல்லும் கோப்பு) இலவசமாகக் கொடுக்கிறாரே, நாம் ஏன் தனியாகச் செய்ய வேண்டும்?

பதில்: அது அவர்களிடம் இருந்த பிரிண்டரில், அவர்கள் போட்ட மையில், அவர்கள் வைத்த ரெசல்யூஷனிலும் பாஸிலும் (ஒரே இடத்தை ஹெட் எத்தனை முறை கடக்கிறது என்பது) அடித்து அளந்தது. உங்களிடமும் அதே மாடல், கம்பெனி மை, அதே பிரிண்ட் மோடு என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள்; பல வேலைகளுக்கு அதுவே போதும். மாற்று மை ஊற்றியிருந்தாலோ, 8 பாஸுக்குச் செய்ததை அவசரத்துக்கு 4 பாஸில் ஓட்டினாலோ அந்தக் கோப்புக்கும் உங்கள் பிரிண்டருக்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: ஸ்பெக்ட்ரோ (நிறத்தை அளக்கும் கருவி) வாங்கி, சார்ட் (வண்ணக் கட்டங்கள் நிறைந்த சோதனைப் பிரிண்ட்) அடித்து, நானே ப்ரொஃபைல் செய்தேன். நிழல் பகுதியெல்லாம் ஒரே கறுப்பாக அடைத்துக்கொள்கிறது. மையும் காய மாட்டேன் என்கிறது. எங்கே கோளாறு?

பதில்: பெரும்பாலும் சார்ட்டுக்கு முன்னால். பிரிண்டர் இப்போது எப்படி அடிக்கிறது என்பதைத்தான் ப்ரொஃபைல் பதிவு செய்கிறது. அளவுக்கு மீறி மை கொட்டும் நிலையில் அளந்தால் அதுவும் அப்படியே பதிவாகும்.

முதலில் நாஸில் செக் (மை வரும் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பார்ப்பது), ஹெட் அலைன்மென்ட் (மை தெளிக்கும் ஹெட்டைச் சீராக்குவது). ஹீட்டர் இருந்தால் வேலைக்கு வைக்கும் அதே சூடு. அப்புறம் ரிப் மென்பொருளில் (படத்தைப் பிரிண்டருக்கான மைப் புள்ளிகளாக மாற்றுவது) ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக இங்க் லிமிட், அதாவது அதிகபட்ச மை அளவு. இங்கே அவசரப்படாதீர்கள். மெஜந்தாவின் படிகளை 70, 80, 90, 100 சதவீதம் என்று வரிசையாகப் பாருங்கள். ஓரிடத்துக்கு மேல் நிறம் அடர்த்தியாகாது. பளபளப்பு மட்டும் கூடும், அல்லது சிவப்புப் பக்கம் சாயும். கட்டத்தின் ஓரம் பிசிறும், நடுவில் விட்ட மெல்லிய வெள்ளைக் கோடு மூடிக்கொள்ளும். அதற்கு முந்தைய படிதான் உங்கள் எல்லை.

பிறகு லீனியரைசேஷன், அதாவது ஒவ்வொரு நிறமும் வெளிரிலிருந்து அடர்த்தி வரை சீராக ஏறும்படி சரிசெய்வது. அது முடிந்ததும் மொத்த மை அளவு. நான்கு நிறமும் சேர்ந்தால் கணக்குப்படி 400 சதவீதம். அதைப் பெரும்பாலான மீடியா (பிரிண்ட் அடிக்கும் பேப்பர், வினைல் போன்றவை) தாங்காது. மை தேங்காமல் கறுப்பு நன்றாக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் ப்ரொஃபைல் சார்ட்டை அடிக்க வேண்டும். இந்த வரிசையில் செய்தால் உங்கள் இரண்டு பிரச்சினையும் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கேள்வி: சார்ட் அடிக்கும்போது கலர் மேனேஜ்மென்ட் ஆனில் இருக்கலாமா?

பதில்: கூடாது. ரிப், டிரைவர், படம் திறக்கும் மென்பொருள் மூன்றிலும் அணைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய ப்ரொஃபைலின் மாற்றமும் சேர்ந்தே அளவாகும்.

கேள்வி: பளீர் வெள்ளைப் பேப்பரில் கறுப்பு-வெள்ளைப் படம் அடித்தால் லேசாக மஞ்சள் தட்டுகிறது. ஏன்?

பதில்: பேப்பரில் ஆப்டிகல் பிரைட்னர் (வெண்மையைக் கூட்டிக் காட்டும் பொருள்) கலந்திருக்கும். புறஊதா ஒளி பட்டால் அது நீலமாக ஒளிரும். ஸ்பெக்ட்ரோ அதைப் பார்த்துப் பேப்பரே நீலம் என்று எழுதிக்கொள்கிறது; ப்ரொஃபைல் ஈடுகட்ட மஞ்சளைச் சேர்க்கிறது. கருவியில் எம்0, எம்1, எம்2 என்று அளவு முறைகள் இருக்கும். புறஊதாவை வடிகட்டும் எம்2-வில் ஒருமுறை அளந்து பாருங்கள். புறஊதாவும் கலந்த டி50 (பகல் ஒளியை ஒத்த தரநிலை ஒளி) விளக்கின் கீழ்தான் பிரிண்டைச் சரிபார்க்கிறீர்கள் என்றால் எம்1 பொருத்தம்.

கேள்வி: சாம்பல் நிறம் உள்ளே சரியாக இருக்கிறது, வெயிலில் கொண்டுபோனால் வேறு சாயல் காட்டுகிறது.

பதில்: சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்து உருவான சாம்பல் விளக்குக்கு விளக்கு மாறும். ப்ரொஃபைல் செய்யும்போது ஜிசிஆர் என்ற அமைப்பின் அளவைக் கூட்டினால் அந்தக் கலவையின் இடத்தைக் கறுப்பு மை எடுத்துக்கொள்ளும். மாற்றம் குறையும், வண்ண மையும் மிச்சம். வெளிர் பகுதியில் மட்டும் கறுப்பைக் கொஞ்சம் தாமதமாகத் தொடங்க விடுங்கள், இல்லையென்றால் முகங்களில் புள்ளி தெரியும்.

கேள்வி: சார்ட்டில் எத்தனை பேட்ச் (வண்ணக் கட்டம்) தேவை?

பதில்: நன்றாக லீனியரைஸ் செய்த பிரிண்டருக்கு ஆயிரத்தை ஒட்டி இருந்தால் போதும் என்பது என் கருத்து. ஐடி8.7/4 என்ற தரநிலைச் சார்ட்டில் 1617 இருக்கின்றன. கேன்வாஸ், துணி போன்ற சொரசொரப்பான மீடியாவில் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிடப் பேட்சைப் பெரிதாக்கி, பலமுறை அளந்து சராசரி எடுப்பதே பலன் தரும்.

கேள்வி: ப்ரொஃபைலை எப்போது புதிதாகச் செய்ய வேண்டும்?

பதில்: நாள் கணக்கு வைக்காதீர்கள். ப்ரொஃபைல் செய்த அன்றே சின்னக் கன்ட்ரோல் ஸ்ட்ரிப் (பின்னால் ஒப்பிடுவதற்கான சில வண்ணக் கட்டங்கள்) ஒன்றை அடித்து, நன்றாகக் காய்ந்த பின் அளந்து சேமியுங்கள். சால்வென்ட் மைக்கு ஓர் இரவாவது விடுவது நல்லது. பிறகு அவ்வப்போது அதே ஸ்ட்ரிப்பை அடித்து ஒப்பிடுங்கள். சராசரி டெல்டா ஈ 2000 (இரண்டு நிறங்களுக்கு இடையிலான வித்தியாசத்தின் அளவு) மதிப்பு 2-க்குள் இருந்தால் கை வைக்க வேண்டாம். தாண்டினால் முதலில் நாஸில் பாருங்கள், அடுத்து லீனியரைசேஷனை மட்டும் மறுபடி செய்யுங்கள். அநேகமாக அதிலேயே சரியாகிவிடும். மை வகையோ மீடியாவோ பிரிண்ட் மோடோ மாறினால் மட்டும் முதலிலிருந்து தொடங்குங்கள்.